தவிட்டோடு போகும் உலோகம்

இங்கிலாந்து தேசத்திலே சரே மாகாணத்தைச் சேர்ந்தது எப்சம் என்னும் ஊர். 1618 ஆம் ஆண்டின் கோடையில் அங்கே கடும் வரட்சி நிலவியதாம். ஹென்றி விக்கர் என்னும் குடியானவர் தம் மாடுகளுக்கு நீர் தேடி அலைந்து, பொதுநிலம் ஒன்றிலே நீர் கசிந்து நின்ற சிறு குழியொன்றைக் கண்டார். குழியை அகலவெட்டி, நீர் ஊறி நிறைந்த பின் மாடுகளை அங்கே சாய்த்துச் சென்றார். நாவரண்டு வந்த அம்மாடுகளோ நீரில் வாய் வைத்ததும் தலையை நிமிர்த்தி விலகி நின்றன. அந்நீர் அத்துணை கைப்புடையதாய் இருந்தது. பின்னர் அந்நீர் பட்ட புண்கள் ஆறுவதையும், அதனைப் பருகியோருக்குப் பேதியாவதையும் ஊரவர் கண்டுகொண்டனர். இது செவிவழி வந்த கதை. இதில் எத்துணை உண்மை, எத்துணை அலங்காரம் என்று நாம் வழக்காடப் போவதில்லை. ஆனால் எப்சம் ஊற்று நாடெங்கும் புகழ்பெற்றதும், நெகேமியா குறூ என்னும் வைத்தியர் அந்நீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பைப் பற்றி 1695 ஆம் ஆண்டில் நூல் எழுதியதும் வரலாறு. அவ்வுப்பையே நம் பாட்டன்மார் 'பேதியுப்பு' என்று மருந்துக்கடையில் வாங்கிக் குடித்தனர்.

அவ்வுப்பினுள் மறைந்திருந்த உலோகமே மகனீசியம். சுண்ணாம்பும் மகனீசியாவும் ஒன்றன்று, வெவ்வேறு பொருள்கள் என்பதை எடின்பரோவிலே ஜோசப் பிளாக் 1755 ஆம் ஆண்டளவில் நிறுவினார். ஹம்பிரி டேவி 1808 ஆம் ஆண்டில் மின்சாரத்தின் துணைகொண்டு அவ்வுலோகத்தைப் பிரித்தெடுத்தார். பாடசாலை ஆய்வுகூடத்தில் மகனீசிய நாடாவைக் குறட்டினாற் பிடித்து எரித்துக் காட்டும் நாளில், கடைசி வாங்கில் உறங்கும் மாணவனும் விழித்தெழுவான். கண்ணைக் கூசவைக்கும் வெண்சுடரைக் காட்டிவிட்டு, "இதே உலோகம் உன் தேகத்திலும் இருக்கின்றது" என்று சொன்னால், அவன் நம்மைச் சற்று ஐயத்தோடுதான் நோக்குவான்.

உண்மையில் அது நம் தேகத்தில் இருக்கத்தான் செய்கின்றது. வளர்ந்த ஒருவரின் உடலில் உள்ள மகனீசியம் முழுவதையும் திரட்டினால் ஏறத்தாழ 25 கிராம் தேறும். அஃதாவது ஓர் அவுன்சுக்கும் சற்றுக் குறைவு. அதிற் பாதிக்குமேல் எலும்பிலே தங்கியுள்ளது. எஞ்சியதிற் பெரும்பகுதி தசைகளிலும் பிற உறுப்புகளின் கலங்களிலும் உறைகின்றது. குருதிநீரில் இருப்பதோ நூற்றில் ஒரு பங்கிலும் குறைவு. இந்தக் கடைசிச் செய்தியை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னால் இது நமக்குத் தேவைப்படும்.

இச்சிற்றளவு உலோகம் அங்கே என்ன செய்கின்றது? நாம் உண்ட உணவின் சக்தியை உடல் 'ஏ.ரி.பி.' என்னும் ஒரு சேர்வையில் அடக்கி வைத்து, வேண்டியபோது செலவிடுகின்றது. அச்சேர்வை தன் தொழிலைச் செய்வதற்கு மகனீசியத்தோடு கூடியிருத்தல் வேண்டும். முந்நூறுக்கு மேற்பட்ட நொதியங்கள் மகனீசியத்தின் உதவியை நாடி நிற்கின்றன. தசை சுருங்குவதற்குக் கல்சியம் வேண்டும். சுருங்கியது தளர்வதற்கு மகனீசியம் துணைபுரிகின்றது. இதயமும் ஒரு தசையே என்பதை நினைவூட்டவேண்டியதில்லை.

இனி, கீரைச்சட்டிக்கு வருவோம். இலைகளின் பச்சையத்திலே மகனீசியம் அமைந்திருப்பதை 1906 ஆம் ஆண்டளவில் கண்டறிந்தவர் ஜேர்மனியரான றிச்சார்ட் வில்ஸ்டாட்டர். பச்சையம் முதலிய நிறப்பொருள்களை ஆராய்ந்தமைக்காக 1915 ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் குருதியின் செந்நிறப் பொருளில் இரும்பு எந்த இடத்தில் வீற்றிருக்கின்றதோ, ஏறக்குறைய அதே போன்ற ஓர் அமைப்பின் நடுவிலே, இலையில் மகனீசியம் வீற்றிருக்கின்றது. இதனை நம் பெண்கள் நாள்தோறும் கண்ணாற் காண்கின்றனர், பெயர்தான் அறியார். கீரையை அடுப்பேற்றிப் பழப்புளியைக் கரைத்து விட்டதும் பசுமை மாறி மங்கிய பழுப்பு நிறம் எய்துகின்றதல்லவா? புளியின் அமிலம் பச்சையத்தின் நடுவிலிருந்த மகனீசியத்தை வெளியேற்றிவிட்டமையால் நிகழும் நிறமாற்றம் அது. நிறம் போயிற்றே, சத்தும் போயிற்றோ என்று கலங்கவேண்டியதில்லை. வெளியேறிய மகனீசியம் சட்டியின் நீரிலேதான் நிற்கின்றது. ஆகவே நீரை வடித்து ஊற்றாதவரையில் நட்டமில்லை. வடித்து ஊற்றிவிட்டுக் கீரையைத் தாளிக்கும் வழக்கம் சில வீடுகளிற் புகுந்திருப்பதைக் காண்கின்றோம். அவ்வகையில் அவித்த நீரோடு சேர்த்துக் கடையும் நம் பழைய கீரைக்கறியே சிறந்தது. இலையிலுள்ள மகனீசியம் முழுவதும் பச்சையத்தில் இருப்பதன்று என்பதையும் சொல்லிவைக்கின்றோம்; அதில் இருப்பது ஒரு சிறு பங்கே. "எவ்வளவு பச்சையோ அவ்வளவு மகனீசியம்" என்று விளம்பரம் செய்வோர் இதனை அறியாதவராதல் வேண்டும், அல்லது அறிந்தும் மறைப்பவராதல் வேண்டும்.

மகனீசியமின்றி விலங்குகள் உயிர்வாழா என்பது நெடுங்காலம் தெரியாமலிருந்தது. 1926 ஆம் ஆண்டில் பிரான்சிலே லெறோய் என்பவர் சுண்டெலிகளை வைத்து அதனைக் காட்டினார். 1932 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே மக்கொலம் என்பவரும் அவர்தம் தோழர்களும் மகனீசியம் நீக்கிய உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். சில நாள்களுள் எலிகளின் காதுகள் சிவந்தன; பின்னர் சிறு ஓசைக்கும் துள்ளி வெருண்டோடின; ஈற்றில் வலிப்புக் கண்டு மாண்டன. ஏறக்குறைய அக்காலத்திலேயே ஒல்லாந்து தேசத்து ஆராய்ச்சியாளர், இளவேனிற்காலத்தில் இளம்புல்லை மேய்ந்த பசுக்கள் திடீரென நடுங்கி விழுந்து இறப்பதற்கு அவற்றின் குருதியில் மகனீசியம் குறைந்திருப்பதே காரணம் என்று கண்டனர். கண்ணுக்குச் செழிப்பாய்த் தோன்றும் புல்லே அப்பசுக்களுக்குப் பஞ்சமாயிற்று!

அயல்நாட்டுப் பசுக்கள் வரை போகவேண்டியதில்லை. நம் நாட்டுத் தென்னந்தோட்டங்களிலே முதிர்ந்த ஓலைகள் நுனியிலிருந்து மஞ்சளிக்க, ஈர்க்கின் ஓரம் மட்டும் பச்சையாய் நிற்கும் காட்சியைப் பலர் கண்டிருப்பர். அது பெரும்பாலும் மகனீசியக் குறைவின் அடையாளம். மரம் தன்னிடமுள்ள சிறிதளவு மகனீசியத்தை மூத்த ஓலைகளிலிருந்து மீட்டு இளங்குருத்துக்கு அனுப்புகின்றது. மூத்தது வாடி இளையது வாழ்கின்றது. லுணுவிலையிலுள்ள தென்னை ஆராய்ச்சி நிலையத்தார் இதற்கு டொலமைற்று என்னும் கல்மாவை இடுமாறு கூறுவர். அதிலே கல்சியத்தோடு மகனீசியமும் உண்டு. தோட்டக்காரர் ஆண்டு தவறாமல் தென்னைக்கு டொலமைற்று இடுகின்றார். அவர் வீட்டுச் சோற்றுப்பானையில் மகனீசியம் எவ்வளவு என்பதை மட்டும் எவரும் கேட்பதில்லை.

சோற்றுப்பானையைப் பார்ப்போம். வளர்ந்த ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 முதல் 420 மில்லிகிராம் வரையும், பெண்ணுக்கு 310 முதல் 320 மில்லிகிராம் வரையும் மகனீசியம் வேண்டுமென்பது 1997 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் குழு வகுத்த அளவு. தவிடு நீக்காத அரிசி 100 கிராமிலே ஏறத்தாழ 140 மில்லிகிராம் உண்டு. அதே அரிசியை ஆலையிலே வெள்ளையாகத் தீட்டிவிட்டால் எஞ்சுவது 25 முதல் 35 மில்லிகிராம். கோதுமையின் கதையும் இதுவே. முழுக்கோதுமை மாவில் 137 மில்லிகிராம் அளவிலிருப்பது வெள்ளை மாவிலே 22 மில்லிகிராமாகக் குறுகிவிடுகின்றது. காலையிற் பாண், மத்தியானம் தீட்டிய அரிசிச் சோறு, இரவிலே கோதுமை மா இடியப்பம் என்று நடக்கும் குடும்பத்தின் கணக்கை வாசகர்களே கூட்டிப் பார்க்கலாம். மாடு தின்னும் தவிட்டிலே போனதை மனிதன் எங்கே தேடுவது?

தவிட்டோடு ஓர் உயிர்ச்சத்தும் போனது பற்றி உலகம் முன்னமே பாடம் கற்றது. சாவாத் தீவிலே எய்க்மன் என்னும் ஒல்லாந்த வைத்தியர், தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகள் கால் சோர்ந்து விழுந்ததைக் கண்டு, 'பெரிபெரி' நோயின் மூலத்தை அறியும் வழியைத் திறந்தார். 1929 ஆம் ஆண்டில் நோபல் பரிசில் ஒரு பங்கு பெற்றார். அந்த உயிர்ச்சத்தின் குறைவுக்குப் பெயர் சொல்லத்தக்க நோய் ஒன்று இருந்தது. ஆகவே அரசாங்கங்கள் அஞ்சின, வைத்தியர்கள் கவனித்தனர். மகனீசியத்துக்கு அத்தகைய நோய் இல்லை. அது சிறிது சிறிதாகக் குறையும்போது களைப்பு, பசியின்மை, சோர்வு என்று எவருக்கும் எக்காரணத்தாலும் வரக்கூடிய குறிகளே தோன்றும். மிகவும் குறைந்த பின்பே விறைப்பு, சதைப்பிடிப்பு, வலிப்பு, இதயத்துடிப்பின் ஒழுங்கின்மை என்பன தலைகாட்டும்.

குருதியைச் சோதித்தால் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். முன்னர்ச் சொன்ன நூற்றில் ஒரு பங்கை இங்கே நினைவுகூர்க. குருதியிலுள்ள அளவு குறையத் தொடங்கினால் உடல் எலும்பிலிருந்து எடுத்து அதனை நிரப்பும். சிறுநீரகமும் வெளியே விடாது காக்கும். சோதனைத் தாளில் எண் சரியாகவே இருக்கும். ஒருவர் சட்டைப்பையிலுள்ள சில்லறையை எண்ணி அவருடைய ஆஸ்தியை மதிப்பிடுவது போன்றது அது. ஆயினும் எண் குறைந்தே காணப்பட்டால், அஃது உண்மையான ஆபத்து.

இதனை நாம் நூலிலே படித்து மட்டும் எழுதவில்லை. நம் சின்னம்மா எழுபது வயது கடந்தவர். நெஞ்செரிவுக்காக வைத்தியர் ஒருவர் இரண்டு மாதத்துக்கென்று ஒமெப்பிரசோல் குளிசை எழுதிக் கொடுத்தார். எரிவு தணிந்தது. தணிந்த பின்பும் அவர் அதனை விடவில்லை. நாமும் மாதந்தோறும் அந்தப் பழைய துண்டையே மருந்துக்கடையில் நீட்டி வாங்கி வந்தோம். நான்கு ஆண்டுகள் இவ்வாறு சென்றன. பின்னர் இரவிலே கெண்டைக்கால் திரண்டு பிடிக்கத் தொடங்கியது. விரல் நுனியிலும் உதட்டோரத்திலும் எறும்பு ஊர்வது போலிருக்கிறது என்றார். முதுமையிற் கல்சியம் குறைவது இயல்பென்று எண்ணிக் கல்சியக் குளிசை வாங்கிக் கொடுத்தோம். "தம்பி, இதை எத்தினை விழுங்கியும் கை விறைப்பு மாறேல்லை" என்று அவர் சொன்னபோதெல்லாம், இன்னும் சில நாள் பொறுங்கள் என்று நாம் சொன்னோம். ஒருநாள் அதிகாலையில் கைவிரல்கள் குவிந்து மடங்கி விரிக்க இயலாமற் போய்விட்டன.

ஆசுப்பத்திரியிலிருந்த இளம் வைத்தியர் முதலிற் கேட்டது, "அம்மா விழுங்கும் குளிசைகள் எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள்" என்பது. பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுக் குருதியில் மகனீசியத்தைச் சோதிக்கச் செய்தார். கல்சியமும் குறைந்திருந்தது, மகனீசியம் அதனினும் மிகக் குறைந்திருந்தது. மகனீசியம் மிகவும் குறைந்தால், கல்சியத்தை ஆளும் சுரப்பி தன் தொழிலைச் செவ்வனே செய்யாது. அந்நிலையில் கல்சியம் எவ்வளவு கொடுத்தாலும் நிலைக்காது என்று அவர் விளக்கினார். வயிற்றிலே அமிலம் சுரப்பதைத் தடுக்கும் இவ்வகைக் குளிசைகளை நெடுங்காலம் உட்கொள்வோர் சிலருக்கு மகனீசியம் குறையக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் 2011 ஆம் ஆண்டிலேயே எச்சரித்திருக்கின்றனர். சின்னம்மாவுக்கு மகனீசியம் ஏற்றினர். குளிசையை நிறுத்தி வேறு மருந்து கொடுத்தனர். இரண்டு வாரத்தில் விரல்கள் பழையபடி தேங்காய் துருவும் நிலைக்கு வந்தன. குற்றம் எவருடையது என்று பல நாள் எண்ணினோம். நான்கு ஆண்டுகள் அந்தத் துண்டை நீட்டியது நம் கை.

நெடுநாள் வயிற்றோட்டம் உடையோர், மது மிகுதியாக அருந்துவோர், நீரிழிவு கட்டுக்கடங்காதோர், சிறுநீரைப் பெருக்கும் சிலவகைக் குளிசைகளை உட்கொள்வோர், முதியோர் ஆகியோரும் இவ்வகையிற் கவனத்துக்குரியவர். இவர்கள் தாமாக ஏதும் செய்யாது வைத்தியரிடம் ஒரு சொல் கேட்பதே தக்கது.

உணவில் மகனீசியம் போதியதாய் இருந்தால் நெடுங்கால ஆரோக்கியத்துக்கு என்ன பயன்? பெருந்தொகையான மக்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், உணவின் வழி மகனீசியம் மிகுதியாகப் பெற்றோரிடையே இரண்டாம் வகை நீரிழிவு குறைவாகக் காணப்பட்டது. மகனீசியம் கொடுத்து நடத்திய சோதனைகளிலே குருதியமுக்கம் சிறிது தாழ்ந்தது, மிகச் சிறிதே. ஆனால் 1997 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான 'டாஷ்' என்னும் சோதனையைப் பாருங்கள். அதிலே குளிசை எதுவும் கொடுக்கவில்லை. மரக்கறி, பழம், பருப்பு, தவிடு நீக்காத தானியம், கொழுப்புக் குறைந்த பால் என்பவற்றையே கொடுத்தனர். உயர்ந்த குருதியமுக்கம் உடையோருக்கு மேலெண் 11 புள்ளி அளவில் இறங்கியது. அவ்வுணவிலே மகனீசியம் மிகுதி. பொற்றாசியமும் நாரும் மிகுதி. புகழை மகனீசியத்துக்கு மட்டும் சூட்டுவது நேர்மையாகாது. கீரையும் குரக்கனும் உண்பவர் பொதுவாக வேறு பல நல்வழக்கங்களும் உடையவராக இருப்பர் என்பதையும் கழித்துத்தான் கணக்குப் பார்க்கவேண்டும்.

இந்த நிதானம் ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி உண்டு. மாரடைப்பு வந்தோருக்கு நரம்பின் வழி மகனீசியம் ஏற்றினால் மரணம் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைகின்றதென்று 1992 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லெஸ்ரர் நகரத்துச் சோதனை ஒன்று தெரிவித்தது. சோதிக்கப்பட்டோர் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். உலகம் மகிழ்ந்தது. 1995 ஆம் ஆண்டில் 58,000 பேருக்கு மேற்பட்டோரைக் கொண்ட சோதனையின் முடிவு வந்தது. பயன் யாதும் இல்லை. அதே மகனீசியம் சல்பேற்று, நம் பழைய பேதியுப்பு, வேறோரிடத்தில் வென்றது. கர்ப்பகாலத்திற் குருதியமுக்கம் ஏறி வலிப்பு வரக்கூடிய நிலையிலிருந்த பத்தாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மாரிடம் நடந்த சோதனையின் முடிவு 2002 ஆம் ஆண்டில் வெளிவந்தது. மகனீசியம் பெற்றோருக்கு வலிப்பு வரும் அபாயம் பாதிக்குமேல் குறைந்தது. எப்சம் மாடுகள் வெறுத்த உப்பு இன்று பிரசவ விடுதிகளில் உயிர் காக்கின்றது.

தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். யாழ்ப்பாணத்துக் கேத்தல்களின் உட்புறத்தே வெண்மையாகப் படியும் படலம் யாவரும் அறிந்ததே. சுண்ணக்கல் நிலத்து வன்னீரிலே கல்சியம் மிகுதியாகவும், மகனீசியம் ஓரளவும் கரைந்திருக்கும். வன்னீர் பருகும் ஊர்களில் இதயநோய் மரணம் குறைவு என்று 1960 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே சுரோடர் என்பவர் எழுதியது முதல் இவ்வழக்கு நடந்துவருகின்றது. உலக சுகாதார நிறுவனம் 2009 ஆம் ஆண்டில் இதனைப் பற்றித் தனி நூலே வெளியிட்டது. வழக்கு இன்னும் தீரவில்லை. நம் கிணற்று நீரை மருந்தென்று எவரும் கொண்டாட வேண்டாம்.

அடுக்களையில் ஆவது என்ன? குரக்கன் 100 கிராமில் 140 மில்லிகிராம் அளவில் மகனீசியம் உண்டு. பயற்றிலே 190, கச்சானிலே 170, மரமுந்திரிகைப் பருப்பிலே 290, எள்ளிலே 350. வாரம் இருமுறை குரக்கன் பிட்டு, ஒருமுறை பயற்றங்கறி, பிள்ளைகளுக்கு மாலையில் மிட்டாய்க்குப் பதிலாக எள்ளுருண்டை என்றால் கணக்கிலுள்ள குறை ஓரளவு நிரம்பும். தானியத்தினுள் 'பைற்றிக்கமிலம்' என்பதொன்று மகனீசியத்தைப் பற்றிக்கொண்டு குடலில் உறிஞ்ச விடாது தடுப்பதுண்டு. ஊறவைத்தலும் முளைக்கவைத்தலும் மாவைப் புளிக்கவிடுதலும் அதனைத் தளர்த்தும். உழுந்தும் அரிசியும் ஊறவைத்து அரைத்து இரவெல்லாம் புளிக்கவிட்டுத் தோசை சுட்ட நம் ஆச்சிமாருக்குப் பைற்றிக்கமிலம் தெரியாது, தோசை தெரியும்.

குளிசையாக வாங்கி விழுங்குவதில் நமக்கு அச்சம் உண்டு. சிறுநீரகம் செம்மையாக இயங்குமாயின் உணவில் மிகுந்த மகனீசியம் சிறுநீரோடு கழிந்துவிடும்; குளிசை மிகுந்தால் வயிற்றோட்டம் வரும். சிறுநீரகம் பழுதுற்றவரிடமோ அது கழியாமல் தேங்கி, குருதியமுக்கத்தைத் தாழ்த்தி, தசைகளைத் தளர்த்தி, மூச்சையும் நிறுத்தக்கூடும். வட மத்திய மாகாணத்திலே சிறுநீரக நோய் இத்தனை குடும்பங்களை வாட்டும் இந்நாட்டில், அயலவர் சொன்னாரென்று மகனீசியக் குளிசையோ, மகனீசியம் கலந்த வயிற்றெரிவு மருந்தோ வாங்கிக் குடிப்பது விளையாட்டன்று.

நம் வீட்டிலே பூசணிக்காய் வெட்டும் நாளில் வித்துகள் இதுவரை குப்பைக்கே போயின. அவ்வித்தின் பருப்பிலே 100 கிராமுக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் மகனீசியம் உண்டென்று சொன்னதிலிருந்து சின்னம்மா அவற்றை விடுவதில்லை. சாம்பலிற் பிரட்டிச் சுளகிலே காயவைத்து, வறுத்து, விறாந்தையிலிருந்து ஒவ்வொன்றாகக் கோது நீக்குகின்றார். பல் இல்லாமையால் தாம் தின்பதில்லை. நம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை சிரட்டையால் மூடி வைத்திருக்கின்றார்.